வெளிச்சம் எந்தப் பக்கம்

எங்கள் கடையில் சேர்ந்த முதல் நாளே அவள் ஒரு வாஷ்பேசினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். செல்போன் டார்ச்சைப் போட்டு, அதை இப்படியும் அப்படியும் மெதுவாக நகர்த்தினாள். பேசினின் உள்வளைவில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோடு இறக்கும் சேகர் என் பக்கத்தில் வந்து, "என்னாக்கா, மூக்குத்தி கீது உள்ள வுழுந்துடுச்சா அந்தம்மாவுக்கு?" என்று கிசுகிசுத்தான். அவளுக்கு அது கேட்டுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே, "மூக்குத்தி இல்லைங்க, ட்யூப்லைட்டு. அது எந்தப் பக்கத்துல இருந்து உள்ள வுழுதுன்னு பாக்குறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளோடு பழகிய நாளெல்லாம் அவள் அந்த ஒரு கேள்வியைத்தான் வேறு வேறு இடங்களில் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் இந்த ஊரில் இல்லை. ஆனால் எந்த வீட்டு பாத்ரூமுக்குள் நுழைந்தாலும் நான் முதலில் தலையைத் தூக்கி ஜன்னலைத்தான் தேடுகிறேன். அந்தப் பழக்கம் அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டில் எங்கள் கடை. முதலாளிக்கு ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு செராமிக் யூனிட் உண்டு. பேசினும் கக்கூஸ் கோப்பையும் அங்கே சுட்டு எடுத்து, இங்கே டைல்ஸோடு சேர்த்து வைத்து விற்பார். சூளையில் கீறல் விட்டதெல்லாம் கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். ஆடு வளர்க்கிறவர்கள் தண்ணீர் வைக்கக் கேட்டு எடுத்துப்போவார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். தூசு துடைப்பது, பெட்டி பிரித்து அடுக்குவது, டீ வாங்கி வருவது என் வேலை. யாராவது என்னிடம் விலை கேட்டால் சேகரைக் கூப்பிட்டுவிடுவேன். ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. அவளிடம் மட்டும் அந்தச் சங்கடம் இருந்ததில்லை. அவளும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள்.

படம் போடத்தான் அவளை எடுத்தார்கள். இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸைக் கையில் கொடுத்தால் திருப்திப்படுவதில்லை. ஒட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதனால் முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் பெரிய டிவியும் வாங்கி வைத்தார். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அந்தப் படிப்பைப் படித்திருந்தாள். சுவர் நீளம் அகலம் சொன்னால் போதும், அதற்குள் எங்கள் டைல்ஸை ஒட்டி, எங்கள் பேசினை மாட்டி, விளக்கு எரியவிட்டு, போட்டோ எடுத்தது மாதிரியே படமாகக் கொடுத்துவிடுவாள்.

அந்தப் படம் உடனே வராது. முதலில் ரவை தூவினது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். நேரம் ஆக ஆகப் புள்ளிகள் கரைந்து, குழாயில் ஒரு மினுக்கு, தரையில் ஒரு நிழல் என்று ஒவ்வொன்றாகத் தெளியும். கம்ப்யூட்டர் பெட்டி அனலாகக் கொதிக்கும். சேகர் அதைப் பார்த்துவிட்டு "சூளையில போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தான். அப்புறம் கடையில் எல்லோருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது. முதலாளிகூட வாடிக்கையாளரிடம், "வெந்துக்கிட்டு இருக்குதுங்க, ஒரு டீ சாப்புடுங்க" என்பார்.

அவள் படங்கள் மற்ற கடைப் படங்கள் மாதிரி இருக்காது. அதுதான் சிக்கல். மற்ற கடைப் படங்களில் பாத்ரூம் பளபளவென்று இருக்கும். ஒரு பூச்சாடி இருக்கும், மடித்த துண்டு இருக்கும், மனிதர் யாரும் அங்கே குளித்த அடையாளம் இருக்காது. இவள் படத்தில் தரையில் ஈரம் இருக்கும். வாளியும் மக்கும் இருக்கும். சோப்பு பாதி கரைந்து தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கொஞ்சம் ஆவி படிந்திருக்கும். "விக்கிற படத்துல எதுக்கும்மா வாளி? வாளி நாம விக்கிறமா?" என்று முதலாளி கேட்பார். அவள் வாளியை எடுத்துவிடுவாள். ஈரத்தையும் துடைத்துவிடுவாள். ஆனால் வெளிச்சத்தில் மட்டும் கை வைக்க அவளால் முடியாது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறதாம், அவள்தான் எனக்குச் சொன்னாள். பாத்ரூம் சின்னதாக இருந்தால் ஒரு பக்கச் சுவரைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவார்களாம். அந்த இடத்தில் எட்ட நின்று பார்ப்பது போலப் படம் எடுப்பார்களாம். அப்போது நாலடி அறைகூடக் கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும். சுவர் இல்லாத பக்கமாக வெளிச்சமும் கொட்டும். அதை அவள் செய்ய மாட்டாள். கதவண்டை ஓர் ஆள் நின்றால் என்ன தெரியுமோ அதைத்தான் எடுப்பாள். அதற்காகக் கட்டி முடியாத வீடுகளுக்கு நேரில் போவாள். பல சமயம் அளவு பிடிக்க என்னையும் கூட்டிப்போவாள். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அளந்து முடித்ததும் அவள் என்னை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே தனியாக நிற்பாள். கதவு மாட்டியிருக்காது. கொத்தனாரின் பலகை ஏதாவது சாத்தியிருந்தால் அதை எடுத்து வாசலை அடைத்துக்கொள்வாள்.

மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படி நின்றபோது அந்த வீட்டம்மா பயந்துவிட்டார். அவர் கணவர் குவைத்தில் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாத்ரூம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா, பொண்ணு உள்ள தூங்கிடுச்சா?" என்று என்னிடம் கேட்டார். நான் பலகையைத் தட்டினேன். வெளியே வந்தவள் சுவரைப் பார்த்தபடி, இதில் பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கும், கிழக்குப் பக்கம் ஒரு வெண்டிலேட்டர் வைத்தால் காலையில் கொஞ்சம் வெளிச்சம் வரும் என்று சொன்னாள். அந்தம்மா, அதெல்லாம் அவரைக் கேட்க வேண்டும், நீ முதலில் ரோஸ் கலர் டைல்ஸ் போட்டுப் படம் அனுப்பு என்றார்.

அவள் அனுப்பினாள். ரோஸ் கலர் டைல்ஸ்தான். ஆனால் மாடிப்படிக்குக் கீழே அந்த ரோஸ் எப்படித் தெரியுமோ அப்படி, மங்கலாக. குவைத்திலிருந்து பதில் வந்தது. அந்தம்மா அதைக் கடைக்கே வந்து போனில் போட்டுக் காட்டினார். "இது பாத்ரூமா, பொணம் பொதைக்கிற கபரஸ்தானா?" என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். கடையில் எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஆனால் அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அன்று முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் கெட்டவர் இல்லை. யூனிட்டில் சூளை பாதி நாள் எரியாமல் கிடந்தது. விலை குறைந்த குஜராத் சரக்கு லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் தூக்கம் இல்லை. "ஒனக்கு என்னம்மா, சூரியன்கிட்ட பேசிட்டு வந்தாத்தான் படம் போடுவியா? அழகா இருந்தா போதும். வெளிச்சம் எங்கருந்து வந்தா நமக்கு என்னா?" என்றார். இன்னும் ஓர் ஆர்டர் இப்படிப் போனால் தான் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். பக்கத்தில் பேசின் துடைத்துக்கொண்டிருந்த நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அந்த வேலை போனால் அவளுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ரெண்டாம் வகுப்பு. குழந்தை கருவேப்பிலங்குறிச்சியில் தன் அப்பா வீட்டில் இருந்தது. அவள் அந்த வீட்டைவிட்டு வந்தபோது குழந்தையை அவளோடு அனுப்பவில்லை. ஏன் வந்தாள் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் குழந்தையைப் பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டி வருவார். கோயில் வெளிப் பிரகாரத்தில் கொஞ்ச நேரம் பார்க்கலாம். அதற்காகச் சனிக்கிழமையே தலைக்குக் குளித்துவிடுவாள். திங்கட்கிழமை கடையில் யாரோடும் பேச மாட்டாள்.

குழந்தையைத் தன்னிடம் கேட்டு அவள் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து சமரசம் பேச அனுப்பினார்கள். ஒரு வக்கீலம்மாதான் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். அவளுக்குப் பெற்றோர் இல்லை. வேறு யாரும் வராததால் துணைக்கு நான் போனேன். போய் ஒரு மூலையில் உட்கார்ந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அவள் கணவனை நான் பார்த்தது அப்போதுதான். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். நான் நிற்பதைப் பார்த்து எழுந்து, "ஒக்காருங்கக்கா" என்று தன் நாற்காலியைக் கொடுத்தான். வக்கீலம்மா அவளிடம் ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முடியலைங்க" என்றாள். "ஒரு அடி அடிச்சிருக்கனா, அவளையே கேளுங்க" என்றான் அவன். வக்கீலம்மா கேட்டார். "அடிக்கலைங்க" என்றாள். அது உண்மை. உண்மை என்பதால் அப்படியே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மாமியார் ஆரம்பித்தார். இவள் இருப்பது லைன் வீடு, அஞ்சு குடும்பத்துக்கும் கோடியில் ஒரே பாத்ரூம், தகரக் கதவு, காலையில் வரிசையில் நிற்க வேண்டும். "பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு வயசுக்கு வரப்போற புள்ள. அத ஊரான் ஆம்பளைங்களோட வரிசையில நிக்கவக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதில் பொய் இல்லை. வக்கீலம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அவளிடம், பாத்ரூமோடு சேர்ந்த வீடாகப் பார், பார்த்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த தடவை வா, பேசலாம் என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் வீடு தேடினோம். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கிளம்பிவிடுவோம். 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் தெருவெல்லாம் போனோம். வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "வூட்டுக்காரரு எங்கம்மா இருக்காரு?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது. குவைத்து என்றோ துபாய் என்றோ சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். பாதித் தெரு ஆம்பிளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் நான் அவளிடம் சொல்லி அழைத்துப்போவேன். குவைத்து என்று சொல்லு, போதும். அவளும் சரி என்பாள். கதவு திறந்ததும், "பிரிஞ்சிருக்கேங்க" என்பாள்.

அப்புறம் வீடு இருக்காது. சொந்தக்காரருக்குப் பேசி வைத்திருக்கிறோம் என்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் உள்ளே விட்டார்கள். அவள் நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரம்மா என்னிடம் அவளைப் பற்றி விசாரித்தார். நான் பாத்ரூம் கதவைக் காட்டினேன். அவள் வெளியே வந்து, "மேக்கால வெளிச்சம், நல்லா இருக்குதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவர், எதற்கும் எங்கள் வீட்டுக்காரர் வரட்டும் என்று அனுப்பிவிட்டார். தெருமுனை வரை அவள் வேகமாக நடந்தாள். டீக்கடை ஓரம் நின்று, "பொய்ய நெனச்சிக்கிட்டுத்தாங்க்கா போறேன். வாயத் தொறந்தா வேற வருது" என்று சொல்லி அழுதாள். நான் அவள் முந்தானையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தெருவில் நின்று அழுகிறவளுக்கு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சமரசத்துக்கு மறுநாள் போக வேண்டும். வீடு கிடைக்கவில்லை. அன்று கடையில் ஆள் இல்லை. முதலாளி யூனிட்டுக்குப் போயிருந்தார். அவள் காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கடந்த பிறகு, "அக்கா, வெந்துடுச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள்.

ஒரு பாத்ரூம். பெரியது இல்லை. வெள்ளை டைல்ஸ், எங்கள் யூனிட் பேசின், தரையில் சொரசொரப்பான சாம்பல் கல். பேசினுக்கு முன்னால் ஒரு குட்டி ஸ்டூல், குழந்தை ஏறி நின்று முகம் கழுவ. ஆணியில் ஒரு சின்னத் துண்டு. வாளி, மக்கு. தரையில் இப்போதுதான் யாரோ கால் கழுவிவிட்டுப் போன ஈரம். மேலே வெண்டிலேட்டர் வழியாகச் சாய்ந்த வெயில் சுவரில் விழுந்திருந்தது. எட்ட நின்று பார்ப்பது போல இல்லை. தரையோடு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அப்படி ஒரு படத்தை அவள் அதுவரை போட்டதில்லை. கையை நீட்டினால் ஈரம் ஒட்டும் போலிருந்தது.

"எந்த வூடும்மா இது? கெடச்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"எந்த வூடும் இல்லக்கா" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பயம் வந்தது. கோர்ட்டு விஷயம். ஆனால் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை தெரு அலைந்தும் ஊர் அவளுக்கு ஒரு கதவைத் திறக்கவில்லை. கையில் இருந்த ஒரே வித்தையை வைத்து அவளே ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வேலை இருக்கும்போது வீடும் எப்படியாவது கிடைக்கும், கோர்ட்டில் குழந்தையைக் கொடுத்துவிட்டால் யாராவது இரக்கப்பட்டு வாடகைக்குக் கொடுப்பார்கள், அதற்குள் வீடு எங்கே என்று கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்து போட்டோ பேப்பரில் போட்டு வாங்கி வந்தோம்.

மறுநாள் அந்த அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். குழந்தையையும் கூட்டி வந்திருந்தார்கள். இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு மாமியாரின் மடியில் சாய்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது, ஆனால் எழுந்து வரவில்லை. அவள் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லா சுத்தமா இருக்குதே" என்றார். எடுத்து அவனிடம் நீட்டினார். அவனும் வெகு நேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குது" என்றான். ஸ்டூலைக்கூடக் கவனித்திருக்கிறான், "புள்ளைக்கு ஸ்டூலெல்லாம் போட்டிருக்கா" என்று அம்மாவிடம் காட்டினான். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மாமியார் போட்டோவைக் கையில் வாங்கினார். மடியில் இருந்த குழந்தை எட்டிப் பார்த்தது.

"ஆயா, இது நம்ம பாத்ரூமு" என்றது.

மாமியார் சிரித்தார். "நம்மளுது செமெண்டு தரை, நீல டிரம்மு. இது அரமண மாதிரி இருக்குது பாரு" என்றார்.

"இல்ல, நம்மளுதுதான்." குழந்தை சுவரில் வெயில் விழுந்த இடத்தில் விரலை வைத்தது. "வளைஞ்ச கம்பி. இங்க பாரு, நெழலு. ஸ்கூலு வுட்டு வந்தா இந்த எடத்துல இருக்கும். அப்பறம் மேல மேல போயி கொழாய்கிட்ட போவும். அப்பறம் இல்லாம போயிடும்."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெண்டிலேட்டரின் கம்பிகளில் நடுக் கம்பி ஒன்று லேசாக வளைந்திருந்தது. சுவரில் அதன் நிழலும் வளைந்து விழுந்திருந்தது. நேற்று அத்தனை நேரம் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவளும் போட்டோவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸை மாற்றி, தரையை மாற்றி, பேசினை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டவளுக்கு வெளிச்சத்தைப் புதிதாகப் போட வரவில்லை. தெரிந்த வெளிச்சம்தான் கைக்கு வந்திருக்கிறது.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். குழந்தையிடம் சாதாரணமாகக் கேட்பது போல, "கொழா வரைக்கும் போவுறத எல்லாம் பாத்திருக்கியே, அவ்ளோ நேரம் பாத்ரூம்ல என்னா பண்ணுவ?" என்றார்.

குழந்தை அப்பாவைப் பார்த்தது. பிறகு ஆயாவின் புடவைக் கரையைப் பார்த்தது. "தாப்பா போட்டுட்டு ஒக்காந்திருப்பேன்."

"எதுக்கும்மா?"

"அப்பா சத்தம் நிக்கிற வரைக்கும்."

மாமியார், குழந்தை ஏதோ உளறுகிறது, டிவியில் பார்த்துவிட்டுச் சொல்கிறது என்று அவசரமாகப் பேச ஆரம்பித்தார். அவன் வாயைத் திறந்து, அந்த மெல்லிய குரலில் குழந்தையின் பெயரைச் சொன்னான். பெயரை மட்டும்தான் சொன்னான். குழந்தையின் தோள் இரண்டும் மேலே ஏறி, கழுத்து உள்ளே போனது. அதை அந்த அறையில் எல்லோரும் பார்த்தோம்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். "இது போட்டோ இல்லைங்க" என்றாள் வக்கீலம்மாவிடம். "நான் கம்ப்யூட்டர்ல போட்ட படம். இந்த மாதிரி வூடு எனக்குக் கெடைக்கல. நான் பொய் சொல்லிட்டேன். இன்னமும் அந்த லைன் வூட்டுலதான் இருக்கேன்."

வக்கீலம்மா திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "அந்தக் கம்பி ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்றார்.

"நானும் அங்கதாங்க ஒக்காந்திருப்பேன். இவ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து. அந்த வூட்டுல உள்பக்கம் தாப்பா இருக்குற ஒரே கதவு அதான்." கொஞ்சம் நின்று, "அவரு அடிச்சதில்லைங்க. அது நெசம். சாமான எல்லாம் வீசுவாரு, கத்துவாரு. கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டும் கத்துவாரு. நான் செவுத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். நான் வந்துட்டா அதுக்கு அப்பறம் கத்த ஆளு இருக்காதுன்னு நெனச்சேன். புள்ளகிட்ட கத்துவாருன்னு நெனைக்கலைங்க" என்றாள்.

அவ்வளவு வார்த்தைகளை அவள் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் என் பக்கம் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். வக்கீலம்மா என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணையும் குழந்தையையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எழப்போன அவனையும் மாமியாரையும் பார்த்து, "நீங்க ஒக்காருங்க" என்றார். படத்தை மேஜைமேல் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

வெளியே நீளமான வராண்டா. வழக்குக்கு வந்த ஜனங்கள் அங்கங்கே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். நாங்கள் கோடியில் போய் உட்கார்ந்தோம். அடைத்த கதவுக்குள்ளிருந்து வக்கீலம்மாவின் குரல் மட்டும் கேட்டது, ஒவ்வொரு கேள்வியாக. குழந்தை அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, இவ்வளவு நேரமும் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மாதிரி, "அந்த வூடு இல்லையாம்மா?" என்று கேட்டது.

"இல்லடி."

"அப்ப நீ இருக்குற வூட்டுல பாத்ரூமு எப்புடி இருக்கும்?"

அவள் யோசித்தாள். எனக்குத் தெரியும், இந்த ஒரு தடவையாவது கொஞ்சம் வெளிச்சம் கூட்டிச் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். "வெளிய இருக்கும். எல்லாருக்கும் ஒண்ணுதான். தகரக் கதவு. உள்ள இருட்டா இருக்கும்" என்றாள்.

"தாப்பா இருக்கா?"

"ஒடைஞ்சிருக்குது."

குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சுவர் பக்கம் திரும்பாமல் குழந்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ உள்ள இருக்கறப்ப நான் கதவப் புடிச்சுக்கிட்டு வெளிய நிப்பேன்."